வீப்கே எடுத்துப்போட்ட மூன்று நொடி

எங்கள் தீவில் தேநீர் குடிக்க ஒரு முறை உண்டு. கோப்பையில் முதலில் கற்கண்டு, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தேநீர், விளிம்போரமாக ஒரு கரண்டி பாலாடை. கலக்கக் கூடாது. முதலில் பாலின் மென்மை, அப்புறம் கசப்பு, கடைசி மிடறில் இனிப்பு. அது வருகிறபோதுதான் வரும். தீவில் இருக்கிற ஒன்பது வீட்டிலும் கரண்டியைப் போட்டுக் கலக்கிக் குடிக்கிற ஒரே பிறவி வீப்கே கார்ஸ்டன்ஸ்தான். கேட்டால், "எல்லாம் வயித்துக்குள்ள போய்க் கலக்கத்தானே போகுது?" என்பாள்.

ஐம்பத்தாறு வயது. கடல் அரிக்காமல் இருக்கச் சேற்றில் சுள்ளி வேலி கட்டுகிற வேலை. கடல் வற்றுகிற சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டிய வேலை என்பதால் அவசரக்காரிக்கு ஏற்ற தொழில்தான். மூன்று ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்வாள். அதில் ஒரு ஆள் வேலையை மறுநாள் பிரித்துக் கட்டுவாள்.

அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறவன் தம்பி ஹாரோ. இரண்டு வயது இளையவன், கல்யாணம் ஆகாதவன். அவனுக்குத் திக்குவாய். முதல் எழுத்தில் நின்றுவிடுவான். மூடிய கதவின்முன் நிற்கிறவன் மாதிரி முகம் சிவக்க நிற்பான், கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும், வார்த்தை வெளியே வரும். ஆனால் வீப்கே இருக்கிற இடத்தில் அந்தக் கதவு திறந்ததே இல்லை. அவன் ஆரம்பித்த வாக்கியத்தை அவளே முடித்துவிடுவாள். ஐம்பது வருடமாக அப்படித்தான். அதைப் பாசம் என்றே அவள் நினைத்திருந்தாள். பாசம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். பாசத்திலும் பாதி அவசரம் இருந்தது.

எழுத்தில் ஹாரோ ராஜா. கரையில் நோர்டன் ஊரில் உள்ள ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு வருகிற புகார்க் கடிதங்களுக்கெல்லாம் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பதில் எழுதுகிறவன் அவன். கோபமாக எழுதியவர்கள்கூட அவன் பதிலுக்கு நன்றி எழுதுவார்கள். இருபத்தைந்து வயதில் அதே அலுவலகத்தில் ஏழு மாதம் மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். மேசையில் தொலைபேசி இருந்தது. அவன் எடுத்து "ஹ… ஹ…" என்று நிற்பதற்குள், லைன் செத்துவிட்டது என்று எதிர்ப்பக்கம் வைத்துவிடுவார்கள். ஒருநாள் அப்படியே எழுந்து படகேறி வீட்டுக்கு வந்துவிட்டான்.

அவன் திரும்ப அந்த வேலையைப் பிடித்தது தீவுக்கு இணையம் வந்த பிறகுதான். கொண்டுவந்தவளும் வீப்கேதான். ஒன்பது வீட்டுக்காக எந்த நிறுவனமும் கடலுக்கடியில் கம்பி இழுக்காது என்று தெரிந்ததும், புத்தகத்தையும் ஊரார் கிண்டலையும் துணைக்கு வைத்துக்கொண்டு தானே கற்றாள். அவள் வீட்டுப் பரணில் உள்ளங்கை அகலத்தில் குட்டிக் கணினி மாதிரி ஒரு போர்டு, கூரையில் ஆன்டெனா. நடுக்கடலில் பறவைத் திட்டில் நிற்கிற கப்பலுக்கு வழிகாட்டும் பழைய கம்பத்தில் இன்னொரு போர்டு, சூரியத் தகட்டோடு. அதிலிருந்து கரைக்கு. இரண்டு போர்டுகளும் ஒன்றையொன்று நம்புவதற்கு நாற்பத்து நான்கு எழுத்தில் ஒரு சாவி. போர்டே உண்டாக்கிய சாவி அது. வீப்கே அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதுவதென்றால் உட்கார வேண்டுமே.

மூன்று நொடிக் கதைக்கு வருகிறேன். மின்சாரம் வந்ததும் போர்டில் முதலில் கண் விழிப்பது பூட்லோடர் என்கிற சின்ன மென்பொருள். வீட்டில் முதலில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறவரைப் போல அது. பெரிய மென்பொருளை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எழுப்புவதற்குமுன் மூன்று நொடி நிற்கும். கணினியைக் கம்பியால் இணைத்து அந்த மூன்று நொடிக்குள் ஒரு விசையைத் தட்டினால் உள்ளே விடும், அப்புறம் எந்தக் கோளாறையும் சரிசெய்யலாம். தட்டாவிட்டால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.

குளிர்காலப் புயலில் கடல் ஏறி வீடுகள் நிற்கிற மேட்டைத் தவிர எல்லாம் மூழ்கும்போது மின்சாரமும் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் வீடு வீடாக வீப்கேயைக் கூப்பிட்டு, "இன்னும் வரலையா?" என்பார்கள். போர்டு முழுதாக எழுந்துகொள்ள ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடத்தில் வீப்கேயின் கண்ணை உறுத்தியது இந்த மூன்று நொடிதான். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பரணில் ஏறினாள். ஹாரோ கீழே நின்று டார்ச் அடித்தான்.

"அக்கா, அந்த மூ… மூணு நொடி…"

"தொல்லைதான், தெரியும். எடுத்துட்டேன், போ!"

மூன்று இருந்த இடத்தில் பூஜ்யம் என்று போட்டுவிட்டு இறங்கினாள்.

இந்த ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, போர்டுக்குப் புதிய மென்பொருள் ஏற்றினாள். நான்கு நிமிடம் ஆகும், இடையில் மின்சாரத்தைத் துண்டிக்காதே என்று திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் போர்டின் விளக்கு கொஞ்சம் மெதுவாக மினுக்கியது. நின்றுவிட்டதென்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

அவ்வளவுதான். போர்டு எழும், பாதியில் விழும், மறுபடி எழும். உள்ளே நுழையலாமென்று கம்பியை மாட்டி விசையைத் தட்டினாள். தட்டத் தட்ட நகம் வலித்ததுதான் மிச்சம். நுழைகிற நேரத்தைத்தான் தன் கையாலேயே எடுத்துப்போட்டுவிட்டாளே. கையிருப்பில் வேறொரு போர்டு இருந்தது. ஆனால் சாவி தெரியாத புதியவனோடு திட்டுப் போர்டு பேசாது. திட்டுக்குப் போய் அங்கே சாவியை மாற்றலாமென்றால் அது பறவைகள் குஞ்சு பொரிக்கிற காலம். ஜூலை முடியும்வரை மனிதக் கால் படக்கூடாது. பறவைத் திட்டின் காவலர் அல்பெர்ஸ் அம்மாவிடம் தொலைபேசியில் பேசிப் பார்த்தாள்.

"பத்தே நிமிஷம்மா. நுனிக்கால்ல போய்ட்டு வந்துடறேன்."

"நீயா? நுனிக்கால்லயா?" அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "கம்பத்துக்கு அடியிலயே ஆலாப் பறவை முட்டை வச்சிருக்கு, வீப்கே. அடைகாக்குற நேரத்துல நாட்டை ஆள்றவங்களே வந்தாலும் விடமாட்டேன். ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி வா, நானே படகு ஓட்டறேன்."

ஹாரோவின் அலுவலகம் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டது. திங்கள் காலைக்குள் லைன் வந்தால் சரி; இல்லையென்றால் ஆகஸ்ட் வரை நோர்டனுக்கு வந்து மேசையில் உட்கார வேண்டும். அவர்கள் பேரிலும் தப்பில்லை. ஹாரோ அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளே முடித்திருப்பாள்.

சனிக்கிழமை, கரையில் இருக்கிற, இணைய வேலையில் பழைய கூட்டாளியான டெட்லெஃபைக் கூப்பிட்டாள்.

"ஒரே வழிதான் இருக்கு," என்றான் அவன். "பூட்லோடர் எழுந்து, பெரிய மென்பொருளைச் சிப்லேர்ந்து எடுக்கப் போகும் பாரு, அந்த அரை நொடியில சிப்போட ரெண்டு காலை ஊசியால சேர்த்துப் பிடி. படிக்க முடியாம அது திருதிருன்னு முழிச்சுக்கிட்டு உன்கிட்டயே வந்து நிக்கும். முன்னாடியே தொட்டா பூட்லோடரே எழாது. பின்னாடி தொட்டா வண்டி போயிடுச்சு."

"வேற கால்ல பட்டுட்டா?"

"லேசாப் புகை வரும். அப்புறம் ஆகஸ்ட்தான்." கொஞ்சம் நிறுத்தி, "உனக்குச் சரிப்படாது, வீப்கே. வேற யாரையாவது பிடி," என்றான்.

பிடிப்பாளா? ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சமையலறை மேசையில் போர்டை வைத்து, பூதக்கண்ணாடியை நிறுத்தி, தையல் ஊசியோடு உட்கார்ந்தாள். பிளக்கைப் போடுவது ஹாரோவின் வேலை. முதல் எழுத்து திரையில் தெரிந்ததுமே ஊசியை வைத்துவிடுவாள். போர்டு செத்ததுபோலக் கிடக்கும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இவள் நுழைக்கப் பார்த்தது அரிசி அகலத்துச் சிப்பில்.

"அக்கா, ந… ந…"

"நான் பண்றேங்கறே. வேணாம், உனக்குக் கை நடுங்கும். போடு பிளக்கை!"

இருபதாவது தடவையோ என்னவோ, ஊசி வழுக்கிச் சின்னதாக ஒரு பொறி பறந்தது. போர்டு பழையபடி எழுந்து பழையபடி விழுந்தது. பிழைத்தது. வீப்கேயின் உடம்பு வியர்த்துவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்தவள் நடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். ஹாரோவின் பெட்டி. திறந்திருந்தது. ஐந்து வெள்ளைச் சட்டைகள், இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தான். எப்போது போட்டான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இந்த ஆளை நான்தான் பிடித்து அந்தத் தொலைபேசி முன்னால் உட்காரவைக்கப் போகிறேன் என்று நினைத்தாள். தண்ணீர் குடிக்காமலே திரும்பிவந்து ஊசியைத் தம்பியிடம் கொடுத்தாள்.

கொடுத்தாளே தவிர, வாய் நிற்கவில்லை. "இப்போ! இப்போ தொடு! ஐயோ, விட்டுட்டியே!" மூன்று முறை அப்படி ஆனதும் ஹாரோ ஊசியை வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து நிதானமாக எழுதி அவள் பக்கம் தள்ளினான்.

"அன்புள்ள அக்கா, தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளவும்."

வீப்கே படித்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஹாரோ இடது கையால் பிளக்கைப் போட்டான், வலது கையில் ஊசி. திரையில் வரிகள் ஓடின. அவன் தொடவில்லை. இன்னும் தொடவில்லை. வீப்கே உதட்டைக் கடித்துக்கொண்டாள். எந்தக் கதவு எந்தக் கணத்தில் திறக்கும் என்று பார்த்து நிற்பதில் ஐம்பது வருடப் பழக்கம் உள்ள கை அது. ஒரு முறை தவறியது. அடுத்த முறை தொட்டான். வரிகள் நின்றன. கடைசி வரியின் முனையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கி மினுக்கி, என்ன வேண்டும் என்று கேட்பதுபோல நின்றது.

உள்ளே வந்துவிட்டார்கள். அமைப்புகள் இருந்த பகுதிக்குச் சேதமில்லை. தேடியதில் சாவி கிடைத்தது. வீப்கே பென்சிலோடு அலமாரிக்கு ஓடி, கதவின் உள்பக்கத்தில் எழுதத் தயாரானாள். "படிடா!"

"ஏ… ஏழு. பெ… பெரிய க்… க்யூ."

"க்யூ. அப்புறம்…" என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இயந்திரம் கண்டபடி கோத்த எழுத்துகளை யார் ஊகிக்க முடியும்? தம்பி பேசி முடிக்கும்வரை காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வழியில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் நின்றாள். நாற்பத்து நான்கு எழுத்துக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பாதிக்குமேல் அவன் அவ்வளவாகத் திக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது, பென்சில் கோடு கோணலாகப் போயிற்று.

புதிய மென்பொருளை ஏற்றினார்கள். இந்த முறை முழு நான்கு நிமிடமும். திட்டுப் போர்டு பதில் சொன்னது, கரை வந்தது. மிச்சம் இருந்தது அந்தப் பூஜ்யம். வீப்கே பெரிய மென்பொருள் வழியாகப் பூட்லோடரின் அமைப்பைத் திறந்து, விசைப்பலகையில் கைவைத்தபடி கேட்டாள்.

"அன்னைக்குப் பரண்ல, மூணு நொடின்னு ஏதோ சொல்ல வந்தியே. என்னடா அது?"

"அ… அந்த…"

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக்கை மனதுக்குள் எண்ணினாள்.

"அந்த மூ… மூணு நொடியை… வி… விட்டு வை அக்கான்னு… சொல்ல வந்தேன். யா… யாராவது ஏதாவது… சொ… சொல்ல வருவாங்க."

வீப்கே திரும்பிப் பதினான்கு என்று தட்டினாள். அவன் சொல்லி முடிக்க அத்தனை நொடிதான் ஆகியிருந்தது.

"மூ… மூணு போதும்க்கா."

"போதாதுடா," என்றாள்.

ஹாரோ எழுந்து நடைக்குப் போய், பெட்டியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணி அலமாரியில் திரும்ப மாட்டத் தொடங்கினான்.