சித்தப்பா தோற்ற பட்டிமன்றம்

மேடை கிடைத்தால் போதும், என் சித்தப்பா எந்தப் பக்கமும் பேசுவார். இன்றைக்கும் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் வந்தால் நான் எரிச்சலோடு எழுந்து போய்விடுகிறேன். அதற்கு முழுப் பொறுப்பு அவர்தான்.

ஏற்காடு பஜாரில் அவருக்குத் தையல் கடை. கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. எண்பதுகளின் நடுவில், நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, இலங்கையிலிருந்து படகில் வந்த ஓர் அக்காவை அவர் வேலைக்கு வைத்தார். கைக்குழந்தையோடு ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் இருந்து, அனுமதி வாங்கிக்கொண்டு வேலைக்காக மலையேறியவர். வீட்டின் பின்னறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்ததும் சித்தப்பாதான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அக்காவின் கணவர் இன்னும் அக்கரையில்தான் இருந்தார். அவருக்கு எங்கள் கடை விலாசத்தைச் சொல்லி அனுப்பிவிட்டு அக்கா காத்திருந்தார். ரேடியோ செய்தியில் படகு என்று கேட்டால் தையல் மெஷினை மிதிக்கிற கால் அப்படியே நின்றுவிடும்.

ஊரிலும் அப்போது இதே பேச்சுதான். பாவம், வரட்டும் என்று பாதிப் பேர். நமக்கே வேலையும் தண்ணியும் இல்லை, இதில் இவர்கள் வேறா என்று மீதிப் பேர். ஏதோ ஊர்க்காரர்களே குடம் குடமாக ஊற்றி ஏற்காட்டு ஏரியை நிரப்பியது போல. இது போதாதென்று, கோடை விழா சமயத்தில் பஜார்க்காரர்கள் அதையே பட்டிமன்றத் தலைப்பாக்கினார்கள். படகில் வருவோரை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா? யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். சித்தப்பாவுக்குத் திருப்பி அனுப்புகிற பக்கம் விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லியிருப்பார்கள். இவர் அன்று மாலையே கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டிப் பழக ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங்க தம்பி, அந்தப் புள்ளைய ஊட்டுல வெச்சுக்கிட்டு இதென்ன பேச்சுங்க?” என்று அம்மா கேட்டாள்.

“அது மேடைக்குங்க அண்ணி. மனசுக்கு இல்லீங்க” என்றார்.

அதோடு விட்டாரா? பேச்சுக்குக் குறிப்பு வேண்டுமென்று அந்த அக்காவிடமே போய் நின்றார். “ஏனுங்கம்மா, முகாமுல அரிசியெல்லாம் எப்படிங்க குடுக்கறாங்க?” அக்கா பட்டன் தைத்துக்கொண்டே, “நல்ல அரிசிதான் தாறவை அண்ணை” என்றார். மேடைக்கென்று சித்தப்பா எடுத்த துணியில் ஜிப்பா தைத்துக் கொடுத்ததும் அந்த அக்காதான். காலர் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்று இவர் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

விழாவன்று மாலை, வந்து கேட்டே ஆக வேண்டும் என்று எங்களோடு அக்காவையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். பிறகு மேடையேறினார். “நமக்கு ரேசன்ல புழுத்த அரிசி! படகுல வந்தவங்களுக்கு நல்ல அரிசி! இது என்னங்க நியாயம்?” கூட்டம் அதிர்ந்தது. விசில் பறந்தது. தினம் கடைக்கு வந்து, “நொம்ப நல்லாத் தைக்கறீங்க” என்று அக்காவிடம் சொல்லும் மளிகைக்கடைக்காரர் எழுந்து நின்றே கை தட்டினார். எல்லோரும் தட்டுவதைப் பார்த்து அக்கா மடியிலிருந்த குழந்தையும் சிரித்துக்கொண்டு தட்டியது. அக்கா அதன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

சேலத்திலிருந்து வந்த நடுவர், வருகிறவர்களை ஏற்கத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அதைக் கேட்க ஆளில்லை. பாதிக் கூட்டம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டது. தோற்ற சித்தப்பாவைச் சுற்றித்தான் ஆட்கள் நின்று கை குலுக்கினார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் அக்கா பையும் குழந்தையுமாகக் கிளம்பி நின்றார். சித்தப்பா பதறிப்போனார்.

“ஏனுங்கம்மா, நானு சும்மா பேசுனதுங்க அது!”

“நீங்கள் சும்மா பேசினது எனக்குத் தெரியும் அண்ணை. கை தட்டினவை சும்மா தட்டேல்லையே.”

ஊரையே பேச்சில் மடக்கிய மனிதர், கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான். அக்கா அம்மாவிடம், “என்ட அவர் வந்தால் நான் திரும்ப முகாமுக்குப் போயிட்டன் எண்டு சொல்லுங்கோ” என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அம்மாவும் நானும் பஸ் ஸ்டாண்டு வரை போனோம். எனக்கு அழுகையைவிடக் குழப்பம்தான் அதிகம். “ஜெயிச்சது உங்க பக்கந்தானுங்களே அக்கா!” என்றேன்.

“ஓம் பிள்ளை, எங்கட பக்கம்தான்” என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு பஸ் ஏறினார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஜெயித்தவர்களுக்குச் சோப்பு டப்பா கொடுப்பார்கள். ஜெயித்தவர்களை ஏன் பஸ் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று வழியெல்லாம் அம்மாவை நச்சரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.