கன்றின் காதைச் சொறிந்தவர்

தொண்ணூறுகளில் ஒரு பட்டிப்பொங்கலன்று, மாட்டுக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று அடம்பிடித்த மகளை, கிழக்கு லண்டனில் நாங்கள் இருந்த பிளேஸ்டோவிலிருந்து நகர எல்லையில் உள்ள ஒரு பழைய பண்ணைக்குக் கூட்டிப்போனேன். பழங்காலக் கொட்டில்களைச் சுற்றிக் காட்டியவர், அங்கே மாடுகளைப் பராமரிக்கும் வெள்ளைக்காரர். சிவந்த முகம், நூல் பிரிந்த கம்பளித் தொப்பி. யாரோடு பேசினாலும் அவர் கை பக்கத்து மாட்டின் காதடியைச் சொறிந்துகொண்டே இருக்கும்.

மகள் பொட்டு வைக்க ஒரு காளைக்கன்றின் தலையை அவரே பிடித்துக்கொடுத்தார். "அடுத்த பொங்கலுக்கும் வா, இவன் உனக்காக நிற்பான்" என்றார். பிறகு மகள் கேட்கும்போதெல்லாம், "அந்த அங்கிள் சொன்னவரெல்லே, நிப்பான்" என்றேன்.

மறுவருடம் போனபோது அந்தக் கன்று இல்லை.

"இறைச்சிக்குப் போய்விட்டான். பால் தராத காளையை யார் வைத்திருப்பார்கள்?" என்று சாதாரணமாகச் சொன்னார். அப்போதும் அவர் கை வேறொரு கன்றின் காதடியில் இருந்தது. அது கண்ணை மூடி அவர்மேல் சாய்ந்து நின்றது.

காரில் மகள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"சத்தியமாத் தெரியாதம்மா."

அவள் குங்குமச் சிமிழை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மனிதரை நினைத்தால், அவர்மேல் சாய்ந்து நின்ற கன்றுதான் இன்றும் நினைவுக்கு வருகிறது. நாங்கள் புறப்பட்டபோது, அதனிடமும் அவர் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.