அவர் குரலில் கூப்பிட்டேன்

மாடுகளை ஏமாற்றியவள் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போன பிறகு, எதற்காக எழுந்திருப்பது என்றே தெரியாமல் மூலையில் கிடந்தேன். மிளகாய்ச் செடி வாடியது. கொழுந்தன் கிணற்றுக் கவலை ஏற்றத்தில் மாடுகளைப் பூட்டித் தண்ணீர் இறைக்கப் பார்த்தார். மாடுகள் சரிவில் இறங்கின, தண்ணீர் அள்ளும் தோல்சால் நிறைந்து மேலே வந்தது. அது மறுபடி கிணற்றுக்குள் இறங்க, மாடுகள் பின்னோக்கியே நடந்து மேடேற வேண்டும். அதற்கு மட்டும் அவை அசையவில்லை. சாட்டைச் சத்தம் கேட்டு ஓடினேன்.

“இதுக அண்ணன் கொரலுக்குத்தான் நகருமுங்க, நங்கையா,” என்று அண்ணியான என்னிடம் சொல்லிவிட்டு, கொழுந்தன் சாட்டையைக் கீழே போட்டார்.

எங்கள் பக்கம் பெண்கள் கவலை ஓட்டுவதில்லை. ஆனாலும் வடத்தைப் பிடித்தேன். குரலைக் கட்டையாக்கி, என் வீட்டுக்காரர் மாதிரியே கூப்பிட்டேன்.

“பொறகால வாங்க சாமி, வாங்க!”

இரண்டும் சட்டென்று தலையைத் திருப்பி அவரைத் தேடின. பிறகு மெல்லப் பின்னால் நடந்து வந்தன. அன்று பொழுதுக்கும் அழுதுகொண்டே இறைத்தேன்.

அதன்பின் தினமும் நான்தான் ஓட்டினேன். செடி பிழைத்தது. நானும் பிழைத்தேன். போகப் போக மாடுகள் என் சொந்தக் குரலுக்கே வந்தன. ஒருநாள் அவரைத் தேடித் திரும்பிப் பார்ப்பதையும் விட்டுவிட்டன.

எனக்கு அவர் செத்தது அன்றைக்குத்தான்.