இரண்டு பேர் ஓட்டிய வண்டி

திருத்தணி மலையடியில் குடியிருந்துகொண்டு ஐந்து வயசுப் பெண்ணுக்கு இன்னும் முதல் முடி இறக்கவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, மூட்டை முடிச்சோடு திரும்பிப் போகிறது உலகம். வாசலில் நின்றால் கோபுரம் தெரிகிற வீட்டிலோ, பத்மா சிக்குப் பிடித்த முடி முதுகெல்லாம் புரளத் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். குழாயடியில் அவள் அம்மா காஞ்சனாவை யாராவது ஒருத்தி தினமும் கேட்டுவிடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "ஆங், எறக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடுவாள் காஞ்சனா.

தப்பு அவள் பேரிலும் இருந்தது. வேண்டுதல் அவளுடையதுதான். அறுபத்தொன்பதில், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "முருகா, இந்த மனுசன் உசுரோட எழுந்து, தானே மலைக்கு வரட்டும். அன்னிக்குத்தான் கொழந்த முடிய எறக்குவேன்" என்று வேண்டிக்கொண்டாள். முருகன் அந்த மனுசனை எழுப்பிவிட்டான். மலைக்கு அழைத்து வருகிற வேலையை மட்டும் அவளிடமே விட்டுவிட்டான்.

அந்த மனுசன் ஆனந்தன். நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறிக்குழியில் கால் வைக்காமல் டிரைவராகப் போனவன். மெட்ராஸில் தோல் மண்டி வைத்திருந்த ஒரு பணக்காரரின் மகனிடம் வேலை பார்த்தான். அந்தச் சின்ன முதலாளியிடம் சீமையில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே சீட்டு. குங்குமச் சிவப்பு. கூரைக்குப் பதில் மடக்கி விரிக்கிற துணி டாப்பு. அதைத் துடைக்கிறபோது ஆனந்தன் அதோடு பேசுவான் என்று மற்ற வேலைக்காரர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் திருப்பதி போய்விட்டுத் திரும்பும்போது, "இன்னிக்கி நான் ஓட்றேன், நீ பக்கத்துல உக்காரு" என்று சின்ன முதலாளி ஆசைப்பட்டார். கனகம்மாசத்திரம் தாண்டிய வளைவில் ஒரு புளியமரம். அவருக்கு நெற்றியில் சிராய்ப்பு. இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஆனந்தனுக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் போயிற்று.

சின்ன முதலாளி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் வந்து அழுதார். வெளிநாடு கிளம்புமுன் கார்ச் சாவியை ஆனந்தனின் உள்ளங்கையில் வைத்து மூடி, "வண்டி உன்னுது" என்று சொல்லிவிட்டுப் போனார். காலை எடுத்துக்கொண்ட வண்டியையே கையில் கொடுப்பதை என்னவென்று சொல்ல? நல்ல மனசுக்காரர்கள் செய்கிற காரியம் சில நேரம் இப்படித்தான் இருக்கிறது. நசுங்கிய வண்டி மாட்டு வண்டியில் ஏறித் திருத்தணிக்கு வந்து, பின்கட்டில் தென்னங்கீற்றுக்கு அடியில் படுத்துக்கொண்டது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன.

ஆனந்தனும் படுத்துக்கொண்டான். காஞ்சனா அம்மையார்குப்பத்துப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு தறியைக் கொண்டுவந்து போட்டு நெய்தாள். அவன் அவளுக்கு நூல் சுற்றிக் கொடுத்தான், பிள்ளையைப் பார்த்துக்கொண்டான், எல்லாம் செய்தான். வாசற்படியை மட்டும் தாண்டவில்லை. பஸ்ஸில் மலைக்குப் போகலாம் என்றால், "ஏறவும் எறங்கவும் நாலு பேர் தூக்கணும். நான் இன்னா உற்சவரா?" என்பான். காஞ்சனாவின் தம்பி வேணு டாக்சி பேசி வருவதாகச் சொன்னபோது, "டிரைவர் சீட்ட தவிர எந்த சீட்லயும் இனிமே உக்கார மாட்டேன் வேணு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

காஞ்சனாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் கத்துகிற ஜாதி இல்லை அவள். ஏதாவது வேலை செய்கிற ஜாதி. ஒரு நாள் காலையில் கோழிகளை விரட்டிவிட்டு, வண்டியின் முன்மூடியைத் திறந்து, ஒரு ஸ்பேனரை வைத்து ஒரு போல்ட்டைத் திருப்ப ஆரம்பித்தாள். பின்வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஆனந்தன் பார்த்தான். அவள் திருப்பிய பக்கம் தப்பு. மறுபடியும் அதே பக்கம் திருப்பினாள். இரும்பு கிறீச்சிட்டது.

"அந்தப் பக்கம் திருப்பாதடி! மரை போயிடும்!"

"எந்தப் பக்கம் மாமா?"

"எதிர்ப்பக்கம்."

அவள் ஸ்பேனரை வேறொரு போல்ட்டுக்கு மாற்றி, மறுபடியும் தப்பாகத் திருப்பினாள். ஆனந்தனுக்குத் தாங்கவில்லை. நூல்கண்டைப் போட்டுவிட்டு, கையை ஊன்றி உட்கார்ந்தபடியே நகர்ந்து படியிறங்கி வந்து, ஸ்பேனரை அவள் கையிலிருந்து பிடுங்கினான். தறியில் ஆயிரம் முடிச்சு போடுகிறவளுக்கு ஒரு போல்ட் எந்தப் பக்கம் கழலும் என்று தெரியாதா? அவனுக்கு அது அப்போது தோன்றவில்லை. அன்று சாயங்காலம் அவன் கையெல்லாம் கிரீஸ். சோற்றைப் பிசையும்போதும் அந்த வாசனை போகவில்லை. அவன் இரண்டாம் முறை சோறு கேட்டான்.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டுக்கு வேறு பேச்சு இல்லை. கனகம்மாசத்திரத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த முனியன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தினான். ஆனந்தன் சாக்கு விரித்து உட்கார்ந்து இன்ஜினைத் துண்டு துண்டாகப் பிரித்தான். பத்மா போல்ட்டுகளைப் பெரிது சிறிதாகப் பிரித்துப் பவுடர் டப்பாக்களில் போட்டாள். அதில் ஒன்றைத் தாலி மாதிரி நூலில் கோர்த்துப் பொம்மைக்குக் கட்டினது தெரியாமல் எல்லாரும் இரண்டு நாள் தேடினார்கள். வேணு அம்மையார்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்து துருவைச் சுரண்டினான். காஞ்சனா வண்டியின் பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்தாள். சீட்டுக்கு இலவம்பஞ்சு. ஒரு விளக்கு டிராக்டருடையது, இன்னொன்று எதனுடையது என்று முனியன் கடைசி வரை சொல்லவில்லை. இன்ஜின் முதன்முதலாக உறுமியபோது, பத்மா பயந்து போய் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்தாள். ஆனந்தன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதான்.

அழுகை அடங்கின பிறகுதான் முனியன் தலையைச் சொறிந்தான். "டிரைவரே, கிளட்ச்ச இன்னா பண்ணப் போற? அது எடது கால் வேலையாச்சே."

மூன்றாம் நாள் தறியில் உட்கார்ந்திருந்த காஞ்சனா, நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவின் கயிற்றை இழுத்த கையோடு அப்படியே நிறுத்தினாள். இங்கே இழுத்தால் அங்கே ஓடுகிறது. கிளட்ச் மிதியில் ஒரு கயிறு கட்டி, முன்பக்கம் ஓர் உருளையில் சுற்றி, திருப்பிக் கொண்டுவந்தால் இழுக்க இழுக்க மிதி உள்ளே போகாதா? முனியன் வந்து பார்த்து, கயிற்றைக் கட்டி, முனையில் தறிக் கைப்பிடியையே மாட்டினான். மிதி உள்ளே போயிற்று. ஆனால் ஆனந்தனுக்கு ஒரு கை ஸ்டீரிங்குக்கு, ஒரு கை கியருக்கு. கயிறு இழுக்க மூன்றாவது கை வேண்டும். அந்தக் கை பக்கத்துச் சீட்டில்தான் உட்கார வேண்டும்.

"நான் இழுக்கறேன்" என்றாள் காஞ்சனா.

ஆனந்தனின் முகம் வெளுத்துவிட்டது. "வாணாம். அந்த சீட்ல உன்ன உக்கார வைக்க மாட்டேன். வண்டி இப்படியே கெடக்கட்டும்."

மறுநாள் காஞ்சனா முறத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். அடுத்த நாள் கீரை ஆய்ந்தாள். பத்மாவுக்கு அங்கேயே சோறு ஊட்டினாள். பின்வாசலிலிருந்து அவன் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். ஊமைக்காயமாய் அவன் மனசில் உறைந்திருந்த அந்தச் சீட்டில் அவள் இப்படி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டும் தூங்கி வழிந்துகொண்டும் இருந்தால் எத்தனை நாள்தான் பயந்துகொண்டிருப்பது? ஒரு நாள் சாயங்காலம் தானே பேச்சை எடுத்தான்.

"சரி. ஆனா டாப்பு போட்டு மூடித்தான் போவணும். பொண்டாட்டி இழுக்க புருசன் ஓட்றான்னு ஊரு சிரிக்கக் கூடாது."

வைகாசியில் நாள் பார்த்தாயிற்று. ஆனியில் பத்மா பள்ளிக்கூடம் போகவேண்டும். காஞ்சனாவும் வேணுவும் இரட்டை நூலில் கித்தான் மாதிரி கெட்டியாக டாப்புத் துணி நெய்தார்கள். நெசவாளி நெய்கிற துணிக்குக் கஞ்சி போடாமல் விடுவானா? கை தன் பழக்கத்தில் போட்டுவிட்டது. அதுவும் விறைப்பாக நிற்க வேண்டுமே என்று, சோற்றுக் கஞ்சியை இரண்டு மடங்காகப் போட்டுக் காயவைத்தார்கள். மேலே மெழுகு தடவு என்று முனியன் சொன்னதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். டாப்பு பூட்டிய வண்டியை முதல்நாளே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். காலையில் எழுந்து பார்த்தால் வண்டியின் மேல் வெறும் கம்பிகள். பக்கத்து வீட்டுச் சின்னம்மாளின் ஆடுகள் கடைசி ஓரத்தை மென்றுகொண்டு நின்றன. கஞ்சி ருசியில் ஒரு முழம் விடவில்லை. சின்னம்மாள் வேறு சண்டைக்கு வந்தாள். "இன்னாத்த போட்டு நெஞ்சீங்க? என் ஆடு வயிறு உப்பிப்போய் கெடக்குது!"

பத்மாவை வேணு விடிகாலையிலேயே படிவழியாக மலைக்கு அழைத்துப் போய்விட்டான். மாமன் மடியில் உட்கார்ந்து முடி இறக்க வேண்டிய பிள்ளை அங்கே காத்திருந்தது. அக்குள்கட்டையை ஊன்றிக்கொண்டு உள்ளே திரும்பப் போன ஆனந்தனின் முதுகைக் காஞ்சனா பார்த்தாள். மஞ்சள் புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். நேராகப் போய் இடது சீட்டில் உட்கார்ந்து, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"மாமா, எனக்கு வெக்கமா இல்ல. உனக்கு இருந்தா கண்ண மூடிக்க முடியாது, நீதான் ஓட்டணும்."

யாரோ சிரித்தார்கள். ஆனந்தனும் சிரித்துவிட்டான். வந்து ஏறினான்.

"இழு." இழுத்தாள். "விடு." விட்டாள். வண்டி குலுங்கிக் குலுங்கிக் கடைத்தெருவைத் தாண்டிற்று. "ஆனந்தா, லகான் பொண்டாட்டி கையிலயா?" என்று எவனோ கத்தினான். ஆனந்தனின் காது சிவந்தது, வண்டி நிற்கவில்லை. மலைப்பாதையில் ஏறி இரண்டாம் வளைவு வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அங்கே முன்னால் போன பஸ் நின்றுவிட, இவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. பஸ் நகர்ந்தது. இவன் நகரவில்லை. செங்குத்தான ஏற்றம், பின்னால் பள்ளம். ஆனந்தன் இடது பக்கம் திரும்பி அவள் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தான்.

"எறங்கிடு காஞ்சனா. நீ எறங்கிடு."

"நான் எறங்கினா கயிற உங்க முதலாளியா வந்து இழுப்பாரு? நீ பாதைய பாரு. சத்தத்த நான் பாத்துக்கறேன்."

அவள் கயிற்றை இழுக்க, அவன் கியரைப் போட்டு, வலது காலால் ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினான். அவன் "விடு" சொல்லவில்லை. அவளும் காத்திருக்கவில்லை. அறுந்துவிடும் போலிருக்கிற இழையைத் தளர்த்துகிற பக்குவத்தில், இன்ஜின் சத்தம் கனக்கிற இடம் பார்த்துக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வண்டி ஒரு கணம் திணறி, ஏறியது. மேலே போய்ச் சேருகிற வரை சொல்லாமலே இழுத்தாள், சொல்லாமலே விட்டாள்.

வேணுவின் மடியில் பத்மாவின் ஐந்து வருஷத்து முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. பிள்ளை அழவே இல்லை. குளித்துவிட்டு வந்த மொட்டைத் தலையில் ஆனந்தன் சந்தனத்தை அள்ளிப் பூசினான். "நைனா, நீ எப்டி வந்த?" என்று கேட்டாள் பத்மா. "உங்க அம்மா இட்டுகினு வந்தா" என்றான். காஞ்சனா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு, வேண்டிய மட்டும் அழுதாள்.

கார்த்திகையில் முனியன் ஒரு நாள் துள்ளிக்கொண்டு வந்தான். கையில் ஓர் இரும்புத் தண்டு. "டிரைவரே, வழி கண்டுபிடிச்சிட்டேன். இத கியர் மேலயே மாட்டிட்டா ஒரே கையில கிளட்ச்சும் கியரும். நீயே ஓட்டிகினு எங்க வேணா போலாம். தங்கச்சிய தொந்தரவு பண்ண வாணாம்."

உள்ளே காஞ்சனாவின் தறி நின்றது. நல்ல சேதிதான். ஆனால் அவள் கையில் ஓர் இழை அறுந்துவிட்டது.

ஆனந்தன் தண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்ல வேலைப்பாடு என்று மெச்சினான். பிறகு முனியனிடமே திருப்பிக் கொடுத்தான்.

"வேற வண்டிக்கு வச்சிக்க முனியா."

"ஏன், சரியா வராதா?"

"வரும். ஆனா சாயங்காலம் கனகம்மாசத்திரம் தாண்டிப் போலாம்னு இருக்கேன். அந்தப் புளியமரத்த நான் ஓட்டிகினு இன்னும் தாண்டல. அவ பக்கத்துல இல்லாம என்னால தாண்ட முடியாது."

காஞ்சனா அறுந்திருந்த இழையை முடிந்துவிட்டு, தறியிலிருந்து எழுந்து முகம் கழுவப் போனாள்.