கன்னத்தில் ஒட்டிய நீலம்

இன்றைக்கு எனக்கு மூன்று ஜவுளிக்கடை. பட்டம் வாங்கிய பிள்ளைகள் என் கடையில் துணி மடிக்கிறார்கள். நானோ ஐந்தாவதைத் தாண்டாதவள். வியாபாரம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், ஏழு வயதில், தூங்கி எழுந்த முகத்தோடு என்பேன். பொய்யில்லை.

எழுபதுகளில் பர் துபாயில், மாமா வேலை பார்த்த துணிக்கடைக்கு மேலேதான் அம்மாவும் நானும் அவரோடு இருந்தோம். அப்பாவுக்கு சவூதியில், யான்புவில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அம்மாவுக்கு எல்லாமே தம்பிதான்.

அந்தத் தம்பி ஊரிலிருந்து கட்டம்போட்ட நீலத் துணியைப் பேல் பேலாக வரவழைத்துவிட்டார். அவுரிச் சாயம், தொட்டால் கையில் ஒட்டும். துபாயில் சீந்துவாரில்லை. விற்காவிட்டால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன், கலாஸ், அவ்வளவுதான், என்று விசா கொடுத்த கடை முதலாளி, கபீல், சொல்லிவிட்டார். மாமா போய்விட்டால் எனக்குக் கதை சொல்ல யார்?

அப்போதுதான் கானோ நகரத்து வியாபாரி வந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில், பெரும் பாலைவனத்தின் தென்கரையில் இருக்கிற ஊர். அவருக்குக் காட்ட மாமா ஒரு துண்டை மூன்று தண்ணீரில் அலசி, சாயமே ஒட்டாதபடி வைத்திருந்தார். கிடங்கில் பேல்மேல் மத்தியானம் தூங்கிய என் கன்னமெல்லாம் நீலம்.

"பாப்பா, அவர் போற வரைக்கும் வெளிய தலை காட்டாதே. உன் மூஞ்சியப் பார்த்தாலே சாயம் போவுதுன்னு தெரிஞ்சுடும்," என்றார் மாமா.

திரைக்குப் பின்னால் அம்மாவின் மடியில் கிடந்தேன். வந்தவர் அரபியில் சொல்லச் சொல்ல, மாமா எங்களுக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னார். இரும்புக்கல் தேடி ஒரு கொல்லன் அவர் ஊர் டாலா குன்றுக்கு வந்து உலை மூட்டினானாம். அந்த நெருப்பைச் சுற்றிக் குடிசைகள், சந்தை, மண்மதில். வடக்கேயிருந்து ஒட்டகங்கள் உப்புச் சுமந்து வந்து, சாயக்குழிகளில் முக்கியெடுத்த துணியோடு திரும்புமாம். அரைத்தூக்கத்தில் எனக்குத் தரையெல்லாம் வட்ட வட்டமாக நீலக் கண் திறந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வானம் கிடந்தது. ஒட்டகங்கள் அதில் வாய் வைத்து நீலமாக நிமிர்ந்தன.

கதை நின்றது. வந்தவர் துண்டைத் தடவிப் பார்த்து, மாஃபி, வேண்டாம், என்று எழுந்துவிட்டார். மாமா ஊருக்குப் போகப்போகிறார்! திரையை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

மாமா முகம் செத்துவிட்டது. வந்தவரோ குனிந்து, கட்டைவிரலை எச்சிலில் நனைத்து என் கன்னத்தில் தேய்த்தார். விரலைத் தன் மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார்.

மாமா மெதுவாகத் தமிழாக்கினார்: "அவங்க ஊர்ல கழுத்துல சாயம் ஒட்டியிருந்தாத்தான் வசதியான ஆளாம். இத ஏன்யா ஒளிச்சு வெச்சேன்னு கேக்கறார்."

அத்தனை பேலும் போயிற்று. பிறகு இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அதை மாமா தமிழில் சொல்லவில்லை. அவரை வழியனுப்பப் போகும்போது மாமா அம்மா காதில் மட்டும் ஏதோ சொன்னார்.

அடுத்த மாதம் மாமா அந்த வியாபாரியோடு கூட்டுச் சேர்ந்து கானோவில் கடை வைக்கப் போனார். பெரிய ஆளானார். துபாய்ப் பக்கம் திரும்பவேயில்லை.

பேல்கள் விற்ற அன்று சாயங்காலம் எனக்கு அதெல்லாம் தெரியாது. மாமாவைப் போகவிடாமல் பிடித்து வைத்தவள் நான் என்ற மிதப்பில் குழாயடியில் நின்றேன். அம்மா சோப்புப் போட்டு என் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதாள்.

நீலம் போகமாட்டேன் என்கிறதே, அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.