பாரமெடுத்தேன், 7.14

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். இதை அனுபவித்த சுதேஷுக்குக் கதை கட்ட வராது. யோக்கியன் என்பதால் அல்ல. கதை கட்ட மண்டையில் கொஞ்சமாவது சரக்கு வேண்டும். மூன்று வருடமாக அவன் மண்டையில் மேஜர் சொன்னதைத் தவிர வேறு எதுவும் தங்கியதில்லை.

மேஜர் என்பவர் ஆமியிலிருந்து ரிட்டயர் ஆனவர். கண்டி டவுனில் ஒரு மாடியறையில் செக்யூரிட்டி கம்பனி நடத்துகிறார். பேசுவது சிங்களத்தில். அவர் படித்துக்கொண்ட தமிழ் இரண்டே சொல்தான்: "லீவு இல்ல." ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்த சுதேஷை அவர் எப்படிப் பிடித்தார் என்று தெரியாது. பிடித்த பிடியை விடவில்லை.

சுதேஷ் வாழ்க்கையில் ஒரு நாளும் துவக்கைத் தொட்டதில்லை. ஆனால் காவல்காரன் தொப்பியும் பொல்லுத் தடியும் கைக்கு வந்த நாளிலிருந்து அவன் நடையே மாறிப்போனது. மனைவி பிரேமிளாவிடம் தேத்தண்ணி கேட்பதற்குப் பதிலாக, "தேத்தண்ணி ரெடியா, ரிப்போர்ட் பண்ணு" என்பான். நாலு வயது மகள் லோஜினியை வரிசையில் நிற்கச் சொல்வான். ஒரே ஒரு பிள்ளை எப்படி வரிசையில் நிற்கும் என்று பிரேமிளா கேட்டாள். இந்தக் கூத்தெல்லாம் அவன் வீட்டில் இருக்கும் நாட்களில்தான். மாதத்தில் அப்படி நாலு நாள் தேறினாலே பெரிய விசயம்.

காரணம், டியூட்டி புத்தகம். காவல் மாறுவது ஆறு மணிக்கு. ஆனால் அடுத்தவன் வந்து, பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக "பாரமெடுத்தேன்" என்ற வரிக்கு நேரே பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்து வைக்கும் வரை, முந்தியவன் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. ஒரு நாளானாலும் சரி, ஐந்து நாளானாலும் சரி. இது மேஜரின் சட்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று காவல்காரர்கள் யாரும் வாசிப்பதில்லை. மற்றவன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்து வைப்பார்கள், போவார்கள்.

போன வருடம் ஒக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை. கட்டுகஸ்தோட்டைக்கு மேலே மலைப் பக்கம் கட்டி முடிக்காமல் விட்ட ஒரு ஹோட்டல். அதன் கேட்டடியில், ஒரு கதிரையும் மேசையும் மட்டும் கொள்ளும் காவல் அறை. சுதேஷ் அங்கே நின்று நாலாவது நாள். அவன் காத்தது என்ன தெரியுமா? கல்லாய் இறுகிப்போன நாற்பது மூட்டை சீமெந்தும் துருப்பிடித்த கம்பிகளும். திருடனே வந்து பார்த்தால் பாவப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுப் போவான்.

பின்னேரம் 4.30க்குப் பிரேமிளா கோல் எடுத்தாள்.

"எட்டு மணிக்கு அண்ணன் ஹட்டன்ல இருந்து வேன் கொண்டு வர்றாரு. அதுக்கு முன்னுக்கு நீங்க வீட்டுக்கு வந்தா இருப்பேன். வராட்டி நானும் புள்ளையும் போறோம்."

"ஆறு மணிக்கு ருஷ்தி வருவான். ஏழு, ஏழேகாலுக்கு வீட்டுல நிப்பேன்."

"ஒங்க பேச்சு வேணாம். ஆளு வாங்க."

ருஷ்தி என்பவன் அடுத்த காவல்காரன், கம்பனி பாஷையில் ரிலீவர். 5.40க்கு அவனுக்கு எடுத்தான், போன் ஓஃப். 5.50க்கு மேஜருக்கு எடுத்தான். "ஆமிக்காரன் பங்கருக்குள் மாதக்கணக்காக இருப்பான், நீ நாலு நாளுக்கு அழுகிறாயா" என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு தமிழில், "லீவு இல்ல." வைத்துவிட்டார்.

நீங்களோ நானோ என்றால் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கியிருப்போம். சுதேஷ் நேராக நிமிர்ந்து நின்றான்.

6.03. மழை தூறத் தொடங்கியது. அப்போதுதான் சப்பாத்துச் சத்தம்.

டக்... டக்... டக்...

ருஷ்திதான் என்று நினைத்து ரோட்டைப் பார்த்தான். ரோட்டில் ஒருவரும் இல்லை. சத்தம் பின்னாலிருந்து வந்தது, அந்த ஹோட்டலுக்குள்ளிருந்து. உள்ளே போக இந்தக் கேட்டை விட்டால் வேறு வழி கிடையாது.

ஒரு ஆள் வந்து அறை வாசலில் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெஞ்சை நிமிர்த்தி, கையை உடம்போடு ஒட்டி, உண்மையான ஆமிக்காரன் நிற்கிற நிலை. போட்டிருந்தது கபில நிற யூனிபோம். கம்பனியில் அந்த நிறத்தை மாற்றி நீலம் கொடுத்து ஒரு வருடத்துக்கு மேலே. சுதேஷ் அதைக் கவனித்தான். ஆனால் யோசிக்கவில்லை. ஆள் வந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்ற சந்தோசம் அவனுக்கு.

"பாரமெடுக்கவா வந்த?" என்று அந்த ஆள் கேட்டார்.

சுதேஷுக்கு அது கேள்வியாகவே படவில்லை. "ஓமோம், சுருக்கா குடுங்க. வீட்டுல சிக்கல்" என்றான்.

அந்த ஆள் மேசையில் புத்தகத்தை விரித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். வெளியே மழை, அவர் மேலே ஒரு சொட்டு ஈரம் இல்லை. சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறும் இல்லை.

சுதேஷ் கையெழுத்து வைத்தான். நேரம் போட்டான். 6.09.

அந்த ஆள் மூச்சு விட்டார். நெடுநாள் அடக்கி வைத்த மூச்சு. விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். திரும்பினார். கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கி நடந்தார்.

"அண்ணே, எங்க போறீங்க? நாந்தானே போகணும்."

"ஊட்டுக்கு" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

சுதேஷ் புத்தகத்தைப் பார்த்தான். அவனுடைய டியூட்டி புத்தகத்துக்குச் சிவப்பு மட்டை. அது மேசை லாச்சிக்குள் அப்படியே கிடந்தது. மேசையில் இருந்தது பழசு, ஓரமெல்லாம் கரையான் அரித்தது. பக்கத்தின் தலையில் தேதி, 2023 மார்ச் 9. வரிவரியாக ஒரே கை எழுதியிருந்தது. ரிலீவர் வரவில்லை. ரிலீவர் வரவில்லை. ரிலீவர் வரவில்லை. எண்ணினான். எட்டு. கடைசியாக அதே கையில் "பாரமெடுத்தேன்" என்ற ஒரு வரி, ஆளுக்காகக் காத்திருந்த வரி.

அதற்கு நேரே மை காயாமல்... சுதேஷ், 6.09.

ஓடியிருக்கலாம். கேட் திறந்துதான் கிடந்தது. கேட்டடி வரைக்கும் போனான். அங்கே நின்றுவிட்டான். பேய் பிடித்து நிறுத்தவில்லை. கையெழுத்து வைத்தாயிற்றே என்ற நினைப்புதான் நிறுத்தியது. சீமெந்துக்குக் காவல் இல்லாமல் போகுமே என்று ஒரு பயம், பேய்ப் பயத்துக்கு மேலே. இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது சொல்லுங்கள்.

6.40. போன் அடித்தது. பிரேமிளா.

"எங்க நிக்கிறீங்க?"

"பொயின்ட்லதான். பாரமெடுத்துட்டேன் பிரேமி. விட்டுட்டு வர ஏலாது."

"யாருகிட்ட இருந்து எடுத்தீங்க?"

சுதேஷ் திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தான். அவள் வைத்துவிட்டாள்.

6.55. மழை விட்டது.

7.00. ஹோட்டலுக்குள் ஒரு சத்தமும் இல்லை. தவளை கூடக் கத்தவில்லை.

7.10. கதிரையில் உட்காரப் போனான். கதிரை சூடாக இருந்தது. எழுந்துவிட்டான்.

7.14.

டக்... டக்...

இந்த முறை ரோட்டுப் பக்கமிருந்து. மெதுவாக.

அதே ஆள். தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்து தண்ணீர் ஒழுகியது. மழை விட்டு இருபது நிமிசம் ஆகியிருந்தது.

நெஞ்சு நிமிரவில்லை. தோள் இரண்டும் தொங்கிப்போயிருந்தன. சுதேஷின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பேனையை எடுத்தார். எழுதினார்.

"நீ போ தம்பி" என்றார்.

கதிரையில் உட்கார்ந்தார்.

சுதேஷ் ஓடினான். அந்தப் பழைய புத்தகத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான், அது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. கட்டுகஸ்தோட்டையில் பஸ், கண்டியில் ஓட்டோ. ஹந்தானைக்கு ஏறும்போது மணி 8.20. லயத்துக் கதவில் பூட்டு. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள், வேன் போய்ப் பத்து நிமிசம் என்றார்கள்.

விடிந்ததும் புத்தகத்தோடு மேஜரிடம் போனான். கடைசி வரியைக் காட்டினான். அர்கம், பாரமெடுத்தேன், 7.14. மேஜர் அந்தக் கையெழுத்தைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார். மனுசன் பயந்துவிட்டான், இனியாவது திருந்துவான் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு மேஜரைத் தெரியாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஆள் நிற்கிறான்தானே, புத்தகத்தில் இருக்கிறதே, பிறகென்ன" என்றார். அன்றிலிருந்து அந்த ஹோட்டலுக்கு உயிருள்ள காவல்காரனை அவர் அனுப்பவில்லை. காலையில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். இப்படியும் ஒரு பிறவி.

மிச்சத்தை ருஷ்திதான் சொன்னான். ஆறு மணிக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லையாம், அன்றைக்குப் போனை ஓஃப் பண்ணியதும் அதனால்தானாம். அர்கம் திகனைக்காரர். பன்னிரண்டு வருடம் ஆமியில் இருந்தவர், அதுவும் மேஜருக்குக் கீழே. ஆமியை விட்டு வந்ததும் மேஜரே தேடிப் போய்க் கம்பனியில் சேர்த்தார். 2023 மார்ச்சில் அந்த ஹோட்டலில்தான் ரிலீவர் வராமல் தொடர்ந்து ஒன்பது நாள் நின்றார். ஒன்பதாவது நாள் காலையில் கதிரையில் உட்கார்ந்தபடியே மவுத், உயிர் போய்விட்டது. மேஜர் ஜனாஸா அடக்கத்துக்குப் போய் சல்யூட் அடித்தார். அடுத்த கிழமை ஆள் அனுப்பி, அந்த வீட்டில் மிச்சமாக இருந்த யூனிபோமைத் திருப்பிக் கேட்டார்.

பதினொரு நாள் கழித்து சுதேஷ் திகனைக்குப் போனான். அர்கமின் மனைவி ஸுமைரா வாசலில் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தார். அழவில்லை.

"ஆமில ஈக்கக்குள்ள மூணு மாசத்துக்கு ஏழு நாள் லீவு" என்றார். "மகன் அவரக் கண்டா மாமா எண்டுதான் கூப்பிடுவான். உட்டுட்டு வந்த பொறகாவது ஊட்டுல ஈப்பாரு எண்டு பாத்தேன். ஊட்டுல தூக்கம் வராது மனிசனுக்கு. எழும்பிப் போய்க் கேட்டடில நிப்பாரு. என்ன காக்கிறீங்க எண்டு கேட்டா, தெரியாது எண்டுவாரு."

சுதேஷ் அன்றைக்கு நடந்ததைச் சொன்னான். அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை.

"அண்டைக்கு இங்க வந்தாரு" என்றார். "வெள்ளிக்கிழம. இஷா தொழுதுட்டு எழும்புறேன், கதவு தட்டுப்படுது. நல்ல மழ இங்க. அவர்ர தட்டு எனக்குத் தெரியும். 'ஸுமைரா, டியூட்டி முடிஞ்சிட்டு' எண்டாரு."

"தொறந்தீங்களா?"

"இல்ல. ஆத்திரம் தம்பி. உசிரோட ஈக்கக்குள்ள வராத ஆளு. உள்ளுக்கு நிண்டே சென்னேன், ஒங்கட டியூட்டிக்கே போங்க எண்டு. மணி பாத்தேன். ஏழு பன்னெண்டு."

திகனையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் எடுக்கும். புத்தகத்தில் 7.14 என்று இருப்பதைச் சுதேஷ் அந்த அம்மாவிடம் சொன்னான்.

"அப்ப நேராப் போயிட்டாரு" என்றார் ஸுமைரா. "போ எண்டதும் போயிட்டாரு. கதவுக்குப் பின்னாலதான் நிண்டேன். கை தாப்பாள்ளதான் ஈந்த. இன்னொரு தரம் தட்டியிருந்தா தொறந்திருப்பேன்."

சுதேஷ் தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தான். அந்தப் பதினொரு நாளில் ஹட்டனுக்கு ஒரே ஒரு தடவைதான் கோல் எடுத்திருந்தான். "வராதீங்க" என்றாள் பிரேமிளா. சரி என்று வைத்துவிட்டான்.