மாலை போட்ட மூன்றாம் நாள்

2002ஆம் ஆண்டு டைரியில் கார்த்திகை முதல் தேதிக்கு நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "ஞாயிறு. குழாயில் தண்ணீர் ஐந்தே முக்காலுக்கு வந்தது, நாற்பது நிமிடம். தம்பி மாலை போட்டுக்கொண்டான். இனி நிம்மதி."

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தவன் நான். சரக்கு வந்த நாளையும் போன நாளையும் எழுதி எழுதி, வீட்டு விஷயங்களையும் அப்படியே எழுதும் பழக்கம் வந்துவிட்டது. மேலே உள்ள பதிவில் கடைசி இரண்டு சொற்களைத் தவிர மற்றதெல்லாம் சரி.

தம்பி நாச்சாரத்தில் பிளாஸ்டிக் வாளியும் குவளையும் மோல்டில் வார்க்கும் ஒரு சிறு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினான். அவனும் அவன் மனைவியும் மகளும் எங்கள் வீட்டு மாடியில் இருந்தார்கள். வேலை முடிந்து சைக்கிளில் வரும் வழியில் ஒரு கள்ளு காம்பவுண்ட். சுற்றிலும் சுவர் வைத்த பெரிய காலியிடம், உள்ளே பெஞ்சுகள், பாட்டில் பாட்டிலாகக் கள், தொட்டுக்கொள்ள வறுத்த ஈரல். குடும்பத்தோடு வந்து உட்காருகிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் கள்ளைக் குடி என்று யாரும் கணக்கில் வைத்ததே இல்லை. பிராந்தி குடிக்கிறவன்தான் குடிகாரன். கள் உடம்புக்குக் குளிர்ச்சி. மே மாதத்தில் நானே இரண்டு முறை போயிருக்கிறேன்.

அந்தக் குளிர்ச்சி ஒரு பாட்டிலில் தொடங்கி ஐந்தாறு பாட்டில்வரை போனது. பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்திலும் தேவைப்பட்டது. காலையில் அவன் கை நடுங்குவதைப் பார்த்த சூப்பர்வைசர், அவனை மெஷினிலிருந்து இறக்கி அட்டைப் பெட்டி கட்டும் இடத்துக்கு அனுப்பினார். "விரல் போச்சுன்னா நான் பதில் சொல்லணும். கை நின்னா மெஷின், இல்லன்னா கணக்கு முடிச்சுக்கோ" என்றார். இருபது வருட வேலை அது.

மாலை போடும் யோசனை தம்பி மனைவியுடையது. கார்த்திகையில், தெலுங்கு பேசும் இந்த ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாகப் பத்துப் பேர் எதிர்ப்படுவார்கள். நாற்பத்தோரு நாள் மாமிசம் கிடையாது, மது கிடையாது. கடுகடுப்பான முதலாளிகூட 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தெருவில் கார்த்திகை எப்போது வரும் என்று காத்திருக்கும் பெண்கள் பலர்.

"கழுத்துல மாலை ஏறிட்டா போதும் மாமா" என்றாள் என்னிடம். "அவருக்கு சாமின்னாதான் பயம். என்கிட்ட எங்க இருக்கு?"

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தம்பி காம்பவுண்டிலிருந்து வந்து, "முடிஞ்சுதுண்ணா. வழியனுப்பிட்டு வந்துட்டேன்" என்றான். எட்டு பாட்டில் வழியனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு குருசாமி மாலை போட்டுவிட்டார். திங்கட்கிழமை அவன் கண் மூடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை குருசாமி வீட்டு பஜனையில் உட்கார்ந்திருந்தபோது அவன் உடம்பு ஆட ஆரம்பித்தது.

கண்கள் மேலே போயின. கூட்டம் சரணம் சொல்லிக்கொண்டே எழுந்து நின்றது. ஒருவர் தேங்காய் உடைத்தார். குருசாமி கற்பூரத் தட்டோடு அவன் முன்னால் குனிந்து, "என்ன வேணும் சாமி, சொல்லு" என்று கேட்டார்.

"மோல்டு சூடாயிடுச்சு" என்றான் தம்பி. "கைய எடுங்கடா. சூப்பர்வைசரைக் கூப்பிடு."

குருசாமி தட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாமி என்னமோ மோல்டுன்றாரே?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் சாய்ந்தான். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் ரத்தம், நாக்கைக் கடித்திருந்தான்.

அருகிலிருந்த நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த இளம் டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார்: "இவர் குடிப்பாரா?"

"மாலை போட்டிருக்கார் டாக்டர்" என்றாள் தம்பி மனைவி, சற்றுக் கோபத்தோடு.

"குடிக்க மாட்டான்" என்றேன் நான். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. அவர் நம்பி, குளுக்கோஸ் ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் இரண்டாவது முறை வலிப்பு வந்தது. மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

தம்பி மகள் அப்போது ஒரு கால் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். இரவு வேலை முடிந்து, கம்பெனி சுமோவிலேயே நேராக நர்சிங் ஹோமுக்கு வந்தாள். அப்பாவின் பழக்கத்துக்கு வைத்தியம் தேடி முந்தைய மாதமே அவள் இன்டர்நெட்டிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் அச்செடுத்து வைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். குடியை நிறுத்த வைக்கும் இல்லங்கள், பெங்களூரில், சென்னையில், நம் ஊரிலும் ஒன்று: தோட்டம், நீச்சல் குளம், தனி அறை. சேர்வதற்கு ஒரு படிவம். 'என்ன குடிக்கிறீர்கள்' என்ற கேள்விக்குக் கீழே பீர், ஒயின், விஸ்கி, ரம் என்று கட்டங்கள் இருந்தன. கள்ளுக்குக் கட்டம் இல்லை. எதில் டிக் போடுவது என்று தெரியாமல் அப்படியே பையில் வைத்துவிட்டாளாம்.

சுமோ டிரைவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மெதக் ஜில்லா ஆள், முப்பது வயது இருக்கும்.

"கள்ளா?" என்றார்.

"மாலை போட்டிருக்கார்" என்றாள் தம்பி மனைவி மறுபடியும்.

"அதான்மா கேக்கறேன். மாலை போடறதுக்காக நிறுத்துனாரா? என்னிக்கி?"

"சனிக்கிழமை" என்றேன்.

"அப்ப அதேதான். எங்க ஊர்ல கடை நாலு நாள் பந்த் ஆச்சுன்னா பாதித் தெரு இப்படித்தான் விழும். மரத்துலேருந்து வர்றது அதுல கொஞ்சம் சார். மிச்சம் தண்ணி, சக்கரை, தூக்க மருந்துப் பொடி. பட்டுனு நிறுத்துனா உடம்பு தாங்காது. எங்க சின்னாயன அப்படித்தான் போனார்." அவருடைய சித்தப்பாவைச் சொன்னார். பிறகு எங்கே போக வேண்டும் என்றும் சொன்னார்.

அது அரசு மனநல ஆஸ்பத்திரி. அது இருக்கும் பேட்டையின் பெயரே இந்த ஊரில் வசைச்சொல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வது அந்தப் பெயரைச் சொல்லித்தான்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" தம்பி மனைவி எழுந்துவிட்டாள். வேலூரிலிருந்து வந்து இருபது வருடம் ஆகியும் அவள் தமிழ் மாறவில்லை, இந்த ஒரு சொல்லைத் தவிர: "நக்கோ மாமா, வேணாம். நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப இன்னா சொல்றது?"

"ஸ்கேனெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மாப்பிள்ளையையும் அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் மகள். எங்களிடம் எப்போதும் தெலுங்கில் பதில் சொல்கிறவள் அன்று தமிழில் பேசினாள். "அப்பா இருந்தாதானே மாப்பிள்ளை வருவான். ஏறும்மா வண்டில."

டிரைவரின் வேலை நேரம் எப்போதோ முடிந்திருந்தது. கம்பெனி கேட்டால் டயர் பஞ்சர் என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.

அங்கே ஓ.பி. வராந்தாவில் தலைப்பாகையும் கம்பளியுமாக ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள் தரையெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்த டாக்டர் நடுவயதுப் பெண். மாலையைப் பார்த்தார், தம்பியின் நாக்கைப் பார்த்தார். குடிப்பாரா என்று கேட்கவில்லை.

"நிறுத்தி எத்தனை நாளாச்சு?" என்றார்.

"சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. எட்டு பாட்டில்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி இப்படி ஆகியிருக்கா?"

இல்லை என்றுதான் சொன்னேன். ஊசி போட்டு அவனை வார்டில் படுக்க வைத்தபின் வீட்டுக்குப் போய் டைரியைப் புரட்டினேன். ஜனவரியில், தேர்தலுக்காகக் கடைகளை மூடியிருந்த நாட்களில்: "தம்பிக்குக் குளிர் ஜுரம்." கோடையில், அதிகாரிகள் சோதனை போட்டு காம்பவுண்டைப் பூட்டிய வாரம்: "தம்பிக்கு நடுக்கம். மலேரியா மாத்திரை வாங்கினேன்." இரண்டு பதிவுக்கும் சில நாள் தள்ளி, கடை திறந்ததையும் அவனுக்குக் குணமானதையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதியிருந்தேன்.

மறுநாள் அதை டாக்டரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "எல்லாம் எழுதியிருக்கீங்க சார். படிச்சுத்தான் பாக்கல."

இரண்டு நாளில் தம்பிக்குத் தெளிவு வந்தது. வந்ததும் அவன் தொட்டுப் பார்த்தது கழுத்தை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் மாலையைக் கழற்றிவிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "இத எடுத்துட்டா நான் இங்கேருந்து நேரா காம்பவுண்டுக்குத்தான் போவேண்ணா. எனக்கு என்னைத் தெரியும்" என்றான்.

குருசாமியை அழைத்து வந்தேன். ரிட்டயரான எஞ்சின் டிரைவர் அவர். கட்டிலருகே வந்து நின்றார். "வலிப்புக்கு கற்பூரம் காட்டின ஆள் நான்" என்றார். "எனக்குச் சட்டம் பேச யோக்யதை இல்ல. மாலை இருக்கட்டும். டாக்டரம்மா சொல்ற மாத்திரையும் விரதத்துல சேர்த்தி."

டாக்டர் ஆறு வாரத்துக்கு மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதுவரை பிரயாணம் கூடாது என்றார். குருசாமியின் குழு டிசம்பரில் புறப்படுவதாக இருந்தது. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, இந்தச் சாமி மகரவிளக்குக்கு இரண்டாவது குழுவோடு வரட்டும் என்றார். மாலை இன்னும் சில வாரம் கழுத்தில் கிடக்கும், அவ்வளவுதான். டாக்டரும் குருசாமியும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை; இருவர் சொன்ன நாட்களையும் ஒரே பக்கத்தில் நான் எழுதிக்கொண்டேன்.

வார்டில் இன்னும் இரண்டு சாமிகள் இருந்தார்கள், இருவரும் நல்கொண்டா பக்கம். அவர்களும் மாலை போட்ட கையோடு விழுந்தவர்கள்தான். காலையில் மூன்று பேரும் சரணம் சொல்வார்கள். நர்ஸ் முடியும்வரை காத்திருந்து, "ஆச்சா? சாமிகள்லாம் ஊசிக்கு வாங்க" என்பாள். கேப்ஸ்யூல் உறை எதனால் செய்தது, அதில் மாமிசம் சேருமோ என்று தம்பி ஒருநாள் சந்தேகம் கேட்க, அவள் அலுத்துக்கொள்ளாமல் மாத்திரையாக மாற்றி வாங்கிக் கொடுத்தாள். தம்பி மனைவி எனக்குத் தெரிந்து முதல்முறையாகப் பகலில் தூங்கினாள், கட்டிலுக்குக் கீழே பாயில்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மாத்திரைகள் குறைந்து நின்றன. கை நின்றது. பொங்கலுக்கு அவன் மலையில் இருந்தான்.

பயமெல்லாம் மாலையைக் கழற்றும் நாளைப் பற்றித்தான். காலையில் கழற்றி மாலையில் பாட்டில் திறக்கிறவர்களை எங்கள் தெரு ஆண்டுதோறும் பார்த்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மலையிலிருந்து திரும்பினான். அன்றே கழற்றியிருக்கலாம். அவன் கழற்றவில்லை. "செவ்வாய்க்கிழமை" என்றான். காரணம் கேட்டதற்கு, "அன்னிக்கு ஓ.பி. இருக்கு" என்றான்.

அதற்குப் பிறகு அவன் இரண்டு முறை மறுபடியும் கள்ளுக்குப் போனான் என்பதையும் எழுத வேண்டும், டைரியில் இருக்கிறது. இரண்டு முறையும் தானாகவே அந்த வராந்தாவுக்குப் போனான். மெஷினுக்குத் திரும்பினான்; பத்து விரல்களோடு இன்றும் இருக்கிறான். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எந்த ஆஸ்பத்திரி என்றே கேட்கவில்லை. சில வருடங்களில் நகரத்துக்குள் காம்பவுண்டுகளை மூடினார்கள். எங்கள் வீட்டில் அது பேப்பரில் படிக்கும் செய்தியாக மட்டும் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை குருசாமி வீட்டில் மாலையைக் கழற்றினான். எட்டு மணிக்கு நானும் அவனும் ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெறும் கழுத்தை அடிக்கடி தடவிக்கொண்டிருந்தான். எங்களுக்குப் பின்னால் ஒரு கிழவர், மகன் தோளில் சாய்ந்து, வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். மகன் அவருக்குத் தண்ணீர் கொடுக்க முயன்றுகொண்டிருந்தான்.

தம்பி திரும்பித் தெலுங்கில் கேட்டான்: "நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு நாள்" என்றான் மகன். "ஜுரம்னு நினைச்சோம்."

தம்பி எழுந்து கிழவரின் மறுகையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். வரிசையில் முன்னால் இருந்தவர்களை வழிவிடக் கேட்டபடி டாக்டர் அறைக்கு அழைத்துப் போனான். எங்கள் முறை வந்தபோது அவன் இன்னும் திரும்பியிருக்கவில்லை. நான் எங்கள் முறையை அடுத்து இருந்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, காத்திருந்தேன்.